மூன்றாம் மாடி வெயில்

நோர்வேயின் வடகோடியில், ஒரு மீன் தொழிற்சாலையைச் சுற்றி வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ஊரில், கார்த்திகை நடுவில் ஒருநாள் மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன் தைப்பொங்கல் கழிந்த பிறகுதான் திரும்பி வரும் என்றும், அதுவரை பகல் என்பது மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாகிப் பிறகு மறுபடி கறுத்துப்போவதுதான் என்றும் யோகேஸ்வரனின் குடும்பத்துக்கு எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் சூரியன் போன அன்று அவர்கள் பயப்படவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே, துறைமுகத்தைப் பார்த்த அவர்களுடைய முன்னறை யன்னல் வழியாக வெயில் வந்து விழத் தொடங்கியதைப் பற்றித்தான் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

யன்னலுக்கு வெளியே பார்த்தால் இருட்டுத்தான் இருந்தது. பனி, தெருவிளக்கு, படகுகளின் சிவப்பு விளக்குகள். குனிந்து தரையைப் பார்த்தால் வெயில். சூடும் தூசியும் உள்ள, வெறுங்காலை வைத்தால் காலை எடுக்கத் தோன்றும் வெயில். அதன் நடுவே ஒரு மரத்தின் நிழல், ஒரு கொடிக்கயிற்றின் நிழல், அவ்வப்போது குறுக்கே ஓடும் கோழியின் நிழல்.

"உது எங்கட முருங்கை," என்றாள் லோகநாயகி.

யோகேஸ்வரன் வேலைக்குப் போகச் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். "முருங்கை எங்க நிண்டாலும் முருங்கை மாதிரித்தான் இருக்கும்."

"கொப்பு முறிஞ்சு ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்குது, பாருங்கோ. ஷெல் விழுந்து முறிஞ்ச கொப்பு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஓம்," என்றான். பிறகு மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போய்விட்டான், ஏனென்றால் தொழிற்சாலையில் கொட்மீன்கள் பனிக்கட்டிக்குள் காத்துக்கிடந்தன, முருங்கை மரம் வந்துவிட்டது என்று சொல்லி அங்கே பிந்திப் போக முடியாது. லோகநாயகி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மகள் ஆரபியின் ஈரக் கையுறைகளை எடுத்துவந்து வெயிலில் காயப்போட்டாள்.

அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் தெற்கே அகதி முகாமில் இருந்த காலத்தில் ஆரபி மட்டும் அந்த நாட்டு மொழியைப் பிடித்திருந்தாள். வந்த புதிதில் யோகேஸ்வரன் செய்த ஒரு காரியத்தை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அறிவார்கள். இரண்டாம் மாடியில் இருந்த தூர்டிஸ் என்ற பெண், குளிர்காலத்தில் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள், வீட்டில் ஆளில்லாத நேரத்திலும் யன்னலில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டுப் போவாள். அதைத் தெருவிலிருந்து மூன்று தரம் பார்த்த யோகேஸ்வரன், அயலுக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று நினைத்து, மகளையும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய மணியை அடித்தான். "உங்கட வீட்டில லைட்டை நூக்க மறந்துபோறீங்கள் எண்டு சொல்லு பிள்ளை." விளக்கை அணைக்க மறந்துபோகிறீர்கள் என்று ஆரபி சொன்னாள். தூர்டிஸ் அவனை நெடுநேரம் பார்த்துவிட்டு, மிகவும் நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தச் சனம் ஊதாரிச் சனம் என்று யோகேஸ்வரன் முடிவுகட்டினான். பாவம், அந்த மனிசனுக்கு என்ன கவலையோ என்று தூர்டிஸ் தன் சிநேகிதிகளிடம் சொன்னாள்.

வெயிலுக்கு முதலில் வந்தவளும் அவள்தான். படிக்கட்டில் மேல்வீட்டுக் கதவின் அடியால் மஞ்சளாய் ஒரு கோடு ஒழுகிவருவதைக் கண்டு ஏறிவந்தவள், சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள், தரையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வெயிலுக்குள் போய் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினாள். அவளுடைய நிழல் முருங்கை நிழலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அரைமணி நேரம் கழித்து எழுந்து, மிகவும் நன்றி என்று சொல்லிப் போனாள். அடுத்த நாள் தன் மூட்டுவலிக்காரச் சகோதரனைக் கூட்டிவந்தாள். அதற்கடுத்த நாள் நூல்நிலையத்தில் வேலைசெய்பவள் கைக்குழந்தையோடு வந்தாள். பிறகு படகுக்காரர்கள் வந்தார்கள், கடையில் பாண் விற்பவள் வந்தாள், இருட்டு மாதங்களில் மனம் சோர்ந்துபோகிறவர்களுக்கு மீனெண்ணெய் எழுதிக்கொடுக்கும் டொக்டர், மூன்றாம் மாடிக்குப் போய்ப் பாருங்கள் என்று வாயால் சொல்லியனுப்பத் தொடங்கினார், பிறகு அவரும் வந்தார். கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, விசாரிக்க வந்த பெண் சோபாவில் இருந்தபடியே தூங்கிப்போய், எழுந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு எதையும் விசாரிக்காமல் போனாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத ஊர் அது. ஆனால் வெயில் என்று வந்தபின் அந்த வழக்கமெல்லாம் சப்பாத்துகளோடு வாசலில் கழற்றிவைக்கப்பட்டது. யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. அங்கே கோடையில் இரவு முழுக்கச் சூரியன் எரியும், குளிர்காலத்தில் வானம் பச்சையாய் ஆடும். வெளிச்சம் தன்பாட்டுக்கு நடந்துகொள்வதை அவர்கள் பிறந்ததிலிருந்தே பார்த்தவர்கள்.

ஆட்கள் வந்ததைவிட, அவர்கள் தங்கள் சாப்பாட்டோடு வந்ததுதான் லோகநாயகியைச் சுட்டது. எண்ணெய்த்தாளில் சுற்றிய பாண்துண்டுகளை மடியில் வைத்து விரித்து, சொந்தப் பிளாஸ்கிலிருந்து கோப்பியை ஊற்றிக் குடித்து, போகும்போது கையோடு கொண்டுவந்த கோப்பையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நான் என்ன, ஒரு தேத்தண்ணி குடுக்க வக்கில்லாதவளே? என்ர வீட்டுக்குள்ள இருந்து தங்கட சாப்பாட்டைச் சாப்பிடுகினம்."

"அவைக்கு அதுதான் மரியாதை, லோகா. உன்னைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு."

"எனக்கு அது மரியாதை இல்லை."

ஆகவே அவள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். வெயில் அவர்கள் விட்டுவந்த ஊரின் நேரத்தில் வந்தது. அங்கே விடியும்போது இங்கே பாதி இரவுதான் கழிந்திருக்கும், இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் அங்கே பொழுதுபட்டுவிடும். வேலைக்குப் போகிறவர்கள் போகும் வழியில் அதிகாலையிலேயே ஏறிவந்தார்கள். மரியாதை தெரிந்த ஆட்கள், குரல் உயர்த்தாதவர்கள், அரைமணிக்கு மேல் இருக்காதவர்கள். ஆனால் ஒருவர் எழும்ப ஒருவர் வந்தார்கள். வர முடியாதவர்கள் தங்கள் பூச்சாடிகளை அனுப்பினார்கள். முன்னறையில் நடக்க இடமில்லாமல் ஊர்ப்பட்ட செடிகள் நின்றன. யோகேஸ்வரன் வேலையால் வந்து, மீன்வாடையோடு, யாரோ ஒருவரின் காலுறைக் கால்களைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனான்.

"உனக்கென்னப்பா, வீட்டிலயே கடற்கரை," என்றான் அவனோடு மீன் வெட்டும் சிவகடாட்சம், அந்த ஊருக்கு வந்து நரைத்துப்போனவன். "நான் வரேக்க ஒரு கம்பளிப் போர்வைதான் தந்தவங்கள்."

"அதைத் தா, யன்னலில கட்டுவம்," என்றான் யோகேஸ்வரன். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.

லோகநாயகி யன்னலை மூட விடமாட்டாள். அந்த வெயில் விழுகிற இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் அவர்களுடைய வளவில் வீடு இருந்த இடம். வீடு இப்போது இல்லை, முருங்கையும், பக்கத்து வளவில் இருக்கும் தங்கை வதனி உடுப்புக் காயப்போடும் கொடியும்தான் உண்டு. அந்த வளவுக்குக் குறுக்கே யார் நடந்தாலும் அவர்களுடைய நிழல் இந்த மூன்றாம் மாடித் தரையில் ஊர்ந்துபோனது. வதனி வாளியோடு போவாள். தபால்காரன் குறுக்குவழியாகப் போவான். ஒருநாள் இவனும் போவான் என்று லோகநாயகி இருந்தாள். இவன் என்றால் செந்தூரன், மூத்தவன். சண்டை முடிந்த மாதத்தில், சனத்தோடு சனமாய் நடந்துகொண்டிருந்தபோது, தங்கச்சிக்குத் தண்ணீர் எடுத்துவாறன் என்று ஒரு பிளாஸ்டிக் கானோடு போனவன். திரும்பி வந்தான் என்றால் அவன் தேடி வரக்கூடிய இடம் அந்த வளவு ஒன்றுதான். நோர்வே என்று ஒரு நாடு இருப்பதும், அதில் ஒரு மூன்றாம் மாடி இருப்பதும் அவனுக்கு எப்படித் தெரியும்?

அதனால் அங்கே வெயில் ஏறும்போது அவள் எழும்பினாள், அங்கே பொழுதுபடும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களின் நிழல்கள் குறுக்கே விழுந்தால், தேத்தண்ணியைக் கையில் கொடுக்கிற சாட்டில் அவர்களை மெல்ல ஒதுக்கினாள். அடுப்படிக்குப் போகிற நேரங்களுக்கு மட்டும் அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

"பிள்ளை, கொஞ்சம் பாத்துக்கொள்ளு. இடப்பக்கத் தோள் பதிஞ்சு நடப்பான். கானைத் தூக்கித் தூக்கி அப்பிடி வந்தது."

ஆரபிக்கு அப்போது எட்டு வயது. அண்ணன் போகும்போது நான்கு. அவனுடைய முகத்தை அவள் படத்தில்தான் அறிவாள், நடையை அறியவே மாட்டாள். தோள் பதிந்த நிழல், தோள் பதிந்த நிழல் என்று மனதுக்குள் சொல்லியபடி, பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன், மற்றப் பிள்ளைகளெல்லாம் படுத்திருக்கும் நேரத்தில், பூச்சாடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு அவள் காவல் இருந்தாள். அம்மா முதலில் தேத்தண்ணி ஊற்றும் நேரத்துக்குத்தான் கூப்பிட்டாள். பிறகு பாத்திரம் கழுவும் நேரத்துக்கும். பிறகு அம்மாவுக்கே கண் செருகத் தொடங்கியபோது, அவள் கண்ணயரும் நேரத்துக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஆரபி மேசையில் தலையை வைத்துத் தூங்கினாள். கணக்குப் பாடத்தில் தூங்கினாள், பனியில் விளையாட விட்டபோது மதிலோடு சாய்ந்து நின்றபடி தூங்கினாள். ஆசிரியை தாய்தகப்பனைக் கூப்பிட்டு, கோபமே இல்லாத குரலில், பிள்ளைக்கு வீட்டில் நித்திரை கிடைக்கிறதா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆரபிதான். "பிள்ளைக்கு நல்ல நித்திரை எண்டு சொல்லு," என்றாள் லோகநாயகி. ஆசிரியை ஆரபியைப் பார்த்தாள். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால், பிள்ளைகள் நலனைப் பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்து பேசவேண்டியிருக்கும் என்று சொன்னாள். அந்த வாசகத்தை ஆரபி இரண்டு தரம் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் முதல் தரம் அப்பா கேட்காதவர்போல இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் யோகேஸ்வரன் போர்வையை எடுத்தான். சிவகடாட்சம் உண்மையிலேயே கொடுத்திருந்தான்.

"அதைக் கட்டினீங்களெண்டால் நான் வெளியில போய்ப் பனிக்குள்ள இருப்பன்," என்றாள் லோகநாயகி.

"இருக்கிற பிள்ளையையும் கொண்டுபோகப் போறாங்கள், விளங்குதோ உனக்கு?"

"அவன் வந்து பாத்திட்டுப் போயிட்டான் எண்டால்?"

"வந்தால் வதனி கண்டு சொல்லுவாள்தானே."

"வதனி தோட்ட வேலைக்குப் போறவள். அவளுக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலுமே?"

போர்வை மடித்தபடியே கதிரையில் கிடந்தது. அவனுக்குச் சண்டைபிடிக்கவும் களைப்பாக இருந்தது. மார்கழி பிறந்தபோது தூர்டிஸ் தடித்த கடதாசியில் செய்த ஒரு பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவந்து, கேட்காமலே அவர்களுடைய யன்னல் கண்ணாடியோடு தொங்கவிட்டாள். உள்ளே ஒரு பல்ப் இருந்தது. அந்த ஊரில் அந்த மாதம் நட்சத்திரம் தொங்காத யன்னல் இல்லை. வெயிலுக்குள் எரிகிற விளக்கு யாருக்கு என்று யோகேஸ்வரன் அவள் படியிறங்குமுன்பே சுவிச்சை நூத்துவிட்டான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, லோகநாயகி உள்ளறையில் கண்ணயர்ந்திருக்க, காவலிருந்த ஆரபி தூங்கிப்போனாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது வெயிலின் ஓரத்தில் ஒரு நிழலின் கடைசித் துண்டு, ஒரு குதிக்காலும் கொஞ்சம் முதுகும், தரைவிரிப்பின் விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்த கணம் அது இல்லை. தோள் பதிந்திருந்ததா என்று அவள் பார்க்கவில்லை. தபால்காரனாக இருக்கலாம். வதனி சித்தியாகவும் இருக்கலாம். அவள் பள்ளிக்கூடம் போனாள், அன்று முழுக்கத் தூங்கவில்லை, அன்றிரவும் தூங்கவில்லை.

சனிக்கிழமை தூர்டிஸ் வந்து வெயிலில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள். லோகநாயகி தேத்தண்ணியை நீட்டினாள். ஆரபி வந்து தூர்டிஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு, அம்மாவுக்கு விளங்காத அந்த மொழியில், அம்மாவுக்கு முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னாள். யாருடைய நிழலுக்காக இந்த யன்னல் திறந்துகிடக்கிறது என்பதையும், தான் தூங்கிப்போனதையும், குதிக்காலையும். தூர்டிஸின் ஊசிகள் நின்றன.

"என்னவாம்?" என்றாள் லோகநாயகி. "ஏன் பிள்ளை அழுறாய்? அவ என்ன சொன்னவ?"

வேறு ஏதாவது சொல்லலாம். இரண்டு மொழிக்கும் நடுவில் இருந்தவள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்ததாகச் சொன்னாலும் நம்புவார்கள். ஆனால் அவள் அவ்வளவு களைத்திருந்தாள், இன்னொரு கதையைத் தூக்கிக்கொள்ள அவளிடம் பலம் இல்லை.

"நேற்று நான் நித்திரையாப் போனன் அம்மா. முழிக்கேக்க ஒரு ஆள் போய் முடிஞ்சுது. ஆரெண்டு நான் பாக்கேல்ல."

லோகநாயகி கையிலிருந்த தட்டத்தை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, தரையிலேயே, முருங்கை நிழலின் மேல் வைத்தாள். மகளை அடிப்பதற்குப்போலக் கையை நீட்டி, அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பெருவிரலால் தொட்டாள். அழுக்கைத் துடைப்பதுபோல இரண்டு தரம் தேய்த்தாள். அது போகவில்லை.

தூர்டிஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுடைய ஆட்கள் இப்படியான நேரங்களில் கட்டிப்பிடித்து அழுகிறவர்கள் அல்ல. அவள் எழும்பினாள், யன்னலடியில் நூந்து தொங்கிய நட்சத்திரத்தைக் கண்டாள், குனிந்து சுவிச்சைப் போட்டாள், ஆரபியின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். பின்னேரம் வேலையால் வந்த யோகேஸ்வரன் அதை நூத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வதனியோடு போனில் கதைப்பார்கள். அன்று அவள் சுகம் கேட்டு முடியுமுன்பே, "அக்கா, நேற்று அங்க என்ன செய்தனீங்கள்?" என்றாள்.

"என்ன செய்தனாங்கள்?"

"உங்கட வளவுக்குள்ள இருட்டு விழுந்து கிடக்கிறதைச் சொன்னனானோ?"

"எந்த இருட்டு?"

"நீங்கள் பயப்படுவியளெண்டு சொல்லேல்ல. ஒரு மாசமாக் கிடக்கு. நடுப்பகலில, முருங்கைக்கு இஞ்சால, வீடு இருந்த இடத்தில ஒரு அறையளவுக்கு இருட்டு. உள்ள போனால் குளிர், நிழலும் விழாது. முதல்ல சனம் பயந்ததுதான், இப்ப வெக்கை தாங்காமல் எல்லாம் அதுக்குள்ளதான். றோட்டுவேலை செய்யிற பெடியள் மத்தியானம் வந்து படுக்கிறாங்கள். ஐஸ்பழக்காரன் சைக்கிளை அதுக்குள்ள விட்டிட்டுத்தான் விக்கிறான், உருகாதாம். கனகம்மாக்கா தயிர்ச் சட்டியைக் கொண்டந்து வச்சிருக்கிறா."

லோகநாயகி காதிலிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"நேற்று அதுக்குள்ள ஒரு வெள்ளி எரிஞ்சது அக்கா, நட்சத்திரம். நல்ல பெரிசு. ஆள் உயரத்தில, யன்னலில கட்டித் தொங்கவிட்ட மாதிரி. பிள்ளையள் ஓடிவந்து பாத்ததுகள். றோட்டால போன சனமும் இறங்கி வந்து, இது ஆற்ற வீடு எண்டு கேட்டது. லோகாக்கா வீடு, அவை வெளிநாட்டில இருக்கினம் எண்டு சொன்னன். பொழுதுபட்டாப் போலதான் நூந்தது."

யோகேஸ்வரன் யன்னலைப் பார்த்தான்.

லோகநாயகி மகளையும் கூட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்கு வந்து முதல்தரமாக, இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய் மணியை அடித்தாள். தூர்டிஸ் கதவைத் திறந்தாள். உள்ளே ஆளில்லாத அறையில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கேளு பிள்ளை. ஆளில்லாத அறையில ஏன் லைட் எரியுது எண்டு கேளு."

தூர்டிஸ் யோசித்தாள். அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"அது உள்ளே இருப்பவர்களுக்கு இல்லை," என்றாள். "வெளியே இருட்டில் வருகிறவருக்கு. இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியட்டும் என்று. என் அப்பா கடலில் இருந்த காலத்தில் அம்மா வைப்பார். நாங்கள் நித்திரைக்குப் போய்விடுவோம். விளக்கு முழித்திருக்கும்."

ஆரபி அதைத் தமிழில் சொன்னாள். கடைசி வாசகத்தைச் சொல்லும்போது அவளுக்குக் கொட்டாவி வந்தது.

லோகநாயகி மேலே வந்து, பூச்சாடிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி வழிசெய்து, கதிரையில் கிடந்த போர்வையை எடுத்து உதறினாள். நட்சத்திரம் கண்ணாடிக்கும் போர்வைக்கும் நடுவே நிற்கும்படி அதை ஆணியில் மாட்டினாள். மாட்டுமுன் ஒருதரம் தரையைப் பார்த்தாள். முருங்கை நிழல் நீண்டு, அங்கே பொழுதுபடத் தொடங்கியிருந்தது. சுவிச்சைப் போட்டாள். போர்வையின் நான்கு ஓரங்களையும் இழுத்துவிட்டாள். அறை கறுத்தது. மகளைத் தன்னோடு அணைத்துப் படுக்கவைத்தாள். பிள்ளை படுத்த உடனேயே தூங்கிப்போனாள். தாய் கொஞ்ச நேரம் இருட்டில் முழித்துக்கிடந்தாள், முழித்துக்கிடக்கும் வேலை இப்போது தன்னுடையதில்லை என்று உடம்புக்குப் பழக்குவதுபோல.

மறுநாள் காலை ஏறிவந்தவர்கள், கதவின் அடியில் மஞ்சள்கோடு இல்லாததைக் கண்டு, படியிலேயே நின்றார்கள். தூங்குகிறார்கள் என்று தூர்டிஸ் சொன்னாள். அப்படியா, என்று சொல்லி, சப்பாத்தைக் கழற்றாமலே, காலடிச் சத்தம் கேட்காமல் இறங்கிப் போனார்கள். ஊர் தன்னுடைய இருட்டுக்குத் திரும்பியது. அந்த இருட்டும் அவர்களுக்குப் பழகியதுதான். சனிக்கிழமைகளில் மத்தியானத்தில் மட்டும் லோகநாயகி போர்வையை ஒதுக்கினாள், செடிகளுக்காகவும் மூட்டுவலிக்காரருக்காகவும். வந்தவர்கள் பிளாஸ்கைக் கொண்டுவராமல் வந்தார்கள். அதை அவர்களிடம் யார் சொன்னது என்று தெரியாது.

அந்தக் கிழமையில் ஒருநாள் யோகேஸ்வரன் வேலை முடிந்து துறைமுகப் பக்கமாக நடந்து வந்தான். கை விறைத்திருந்தது, முதுகு வலித்தது, பனி பொழிந்துகொண்டிருந்தது. தன் கட்டடத்துக்கு எதிரே வந்தபோது யன்னல்களில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தான். மூன்றாம் மாடியில் ஒரு யன்னல், அதில் ஒரு நட்சத்திரம். ஆர் வீட்டில் நூக்க மறந்து போனார்கள் என்று அவன் கால்கள் விரையத் தொடங்கி, பிறகு நின்றன. அது தன்னுடைய வீடு. அதை வெளியே, இருட்டில் நின்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு நின்றான். தொப்பியிலும் தோளிலும் பனி ஏறியது. மீன்பை தொங்கிய பக்கத் தோள் பதிந்திருந்தது.

பிறகு மேலே ஏறினான். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி, சத்தமில்லாமல் மற்றச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளே இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கை தன்பாட்டில் சுவிச்சுக்குப் போனது. சுவிச்சைத் தொடாமல் கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, அவனும் போய்ப் படுத்தான்.